காசு கொடுக்கப் பட்டபாடு

கடந்த கிழமை நான் உல்லாசப் பயணம் போய்வந்தேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி... தொடர்கிறேன்.

இந்த முதல் வரியை எழுதும்போதே என் மருமகள் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதும், நான் கதிரையில் இருந்து சொல்ல அவள்தான் எழுதுகிறாள் என்பதும் கிழமைதோறும் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதானே. என் கதையை அவள் பத்திரிகைத் தமிழாக்குவாள். இடையிடையே வெட்டியும் விடுவாள். அச்சில் வந்ததை வாசித்துக் காட்டும்போது கேட்டால், என்னைவிடக் கொஞ்சம் அடக்கமான மனுசி ஒருத்தி பேசுவதுபோல இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் பயணம் போனால் காசு மிச்சம். இதை எனக்குச் சொன்னது சரசுவின் போன்.

சரசு என் பக்கத்து வீட்டுக்காரி. ஒருநாள் பின்னேரம் வேலிக்கு மேலால் போனை நீட்டி ஒரு விளம்பரத்தை வாசித்தாள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. மழைக்காலத்தில் ஆட்கள் வருவது குறைவு என்பதால் அறைகள் அரை விலை.

அரை விலை!

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் போதும், அந்தச் சாமான் எனக்குத் தேவையா என்பதே மறந்துபோகும். எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கம்பளிச் சட்டை தொங்குகிறது. அரை விலைக்கு வாங்கியது. புளியங்குளத்து வெயிலுக்கு அதைப் பார்த்தாலே ஆட்டுக்கும் வியர்க்கும்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். பயண ஆசை என்னுடையது இல்லை. பூமணியுடையது.

பூமணி என் மச்சாள், என் மனுசனின் தங்கை. அறுபத்தெட்டு வயது. பயணமே போகாதவள் என்று நினைக்காதீர்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் எல்லோரும் போன பயணங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தால் இலங்கையை இரண்டு தடவை சுற்றியிருப்போம். ஒன்றுகூட நாங்களாக நினைத்துப் போனதில்லை. போ என்றார்கள்... போனோம். வா என்றார்கள்... வந்தோம்.

போன அறுவடைக்குப் பூமணி கச்சான் கடலை விற்ற காசை ஒரு பால்மா ரின்னில் போட்டு மூடினாள். அன்றே என்னிடம் சொன்னாள்.

"மச்சாள், நான் ஒருநாள் காசு குடுத்து ஒரு றூமிலை தங்கோணும்."

"ஏன், முல்லைத்தீவிலை எங்கடை ஆக்கள் இல்லையே? அவையின்ரை வீட்டிலை நிக்கலாமெல்லோ?"

"சொந்தக்காரர் வீடு வேண்டாம். கோயில் மடமும் வேண்டாம். காசு குடுத்துத் தங்கோணும்."

"அநியாயமாக் காசைக் கரியாக்கிறியள்!"

"ஓம், கரியாக்கத்தான் போறன். என்ரை காசு, என்ரை கரி."

அவள் ஆசை அவ்வளவுதான். ஒரு இரவு, ஒரு அறை, அதற்கு அவள் காசு. சரசுவின் போனில் அரை விலை என்று வந்ததும் நான்தான் துள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவளுக்குச் சொன்னேன். அறைச் செலவு பூமணிக்கு. மற்றச் செலவையெல்லாம் குறைத்துக் காட்டுவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

வான் பிடித்தால் செலவு. என் மகளின் மனுசன் சிவா முல்லைத்தீவில் ஒருவரிடம் பழைய கலப்பை வாங்கியிருந்தான். அதை ஏற்றிவர உழவு இயந்திரத்தோடு போக இருந்தான். பின்னால் இழுவைப் பெட்டி வெறுமையாகத்தானே போகும்? அதில் நானும் பூமணியும் சரசுவும் ஏறிக்கொண்டால் வான் காசு மிச்சம்!

கடையில் சாப்பிட்டால் செலவு. அரிசி கொண்டுபோனால் மிச்சம். அரிசி இருந்தால் பானை வேண்டும். பானை இருந்தால் விறகு வேண்டும். கடற்கரையில் விறகுக்கு எங்கே போவது? இரண்டு கட்டு விறகு. சம்பலுக்கு அம்மி. கட்டில் போதாவிட்டால் என்று நான்கு பாய். மழை வந்தால் என்று தறப்பாள். குடத்தில் தண்ணீர்.

இரண்டு நாளைக்கு நான்கு பேருக்குப் பதினைந்து கிலோ அரிசி கட்டினேன். கூடவா? நீங்கள் சொல்வீர்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டு எத்தனை வருடத்துக்குப் பிறகு வீட்டைப் பார்த்தோம் என்பது எனக்கல்லவா தெரியும்!

சரசு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இன்னொன்று. அதற்குள் காணி உறுதி, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள். மறு கையில் ஒரு ஓலைக் கடகம். கடகத்துக்குள் அடைகாக்கும் கோழி, பதினொரு முட்டையோடு.

"கோழி என்னத்துக்கடி?"

"அடை கிடக்குது அக்கா. விட்டிட்டு வந்தால் முட்டை கூழாப்போடும்."

நியாயம்தானே.

பூமணி மட்டும் மாம்பழ நிறச் சேலை உடுத்து, தோளில் புதுக் கைப்பை தொங்க, குடையோடு வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், நாங்கள் திரும்பி வருவமெல்லோ?"

"என்ன கேள்வி இது? நாளைக்கு வந்திடுவம்."

"இல்லை... அம்மியும் ஏறியிருக்குது. அதுதான் கேட்டனான்."

புறப்பட்டோம். நெடுங்கேணி வரைக்கும் நல்ல வெயில். ஒட்டுசுட்டான் தாண்டவும் வானம் கறுத்தது. பிறகு சும்மா மழையா அது? வானத்தில் யாரோ குளத்தை வெட்டிவிட்டதுபோல... நாங்கள் மூவரும் தறப்பாளைத் தலைக்குமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விறகுக்கும் அரிசிக்கும் நடுவே குந்தியிருந்தோம். கோழி மட்டும் கால் நீட்டி இருந்தது.

தண்ணீரூற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் நடுத் தெருவில் நின்றார். எங்கள் உழவு இயந்திரத்தைக் கண்டதும் கையைக் காட்டினார். பக்கத்து ஒழுங்கைக்குள் போகச் சொல்லி, "அங்கால! அங்கால!" என்றார்.

சிவா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உடனே திருப்பினான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான். தெருவில் நின்று ஒருவர் கையைக் காட்டினால் அவர் காட்டிய பக்கம் போவார்கள். காரணத்தை இரண்டு மூன்று வருடம் கழித்து யோசிப்பார்கள்.

"பாத்தியளே," என்று நான் பூமணிக்குச் சொன்னேன். "விடுதிக்கு வழிகாட்டத் தெருவிலையே ஆள் வைச்சிருக்கினம்!"

உள்ளே பெரிய வளவு. நீளமான கட்டடம். வாசலில் ஏதோ எழுதிய துணி ஒன்று நனைந்து சுருண்டு தொங்கியது. சுருளாமல் இருந்தாலும் எனக்கென்ன, மழையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேருக்கும்தான் என்ன?

நாங்கள் இறங்கமுதலே மூன்று பேர் குடையோடு ஓடிவந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து இறக்கினார். இன்னொருவர் அரிசி மூட்டையைத் தூக்கினார். இஞ்சித் தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. அரை விலைக்கு இவ்வளவு உபசாரமா? எனக்கு வாயெல்லாம் பல்.

மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும், பெரிய கொப்பியோடு இருந்தாள்.

"எத்தினை பேர் அம்மா?"

"மூண்டு பொம்பிளையள். மருமோன் கலப்பைக்காரர் வீட்டிலை படுப்பான்."

"எத்தினை குடும்பம்?"

அறைக்கு ஏன் குடும்பக் கணக்கு? யோசிக்கவில்லை. யாராவது கொப்பியோடு இருந்து 'எத்தினை குடும்பம்' என்று கேட்டால் எங்கள் வாய் தானாகப் பதில் சொல்லும்.

"மூண்டு குடும்பம் பிள்ளை."

"குடும்ப அட்டை கைவசம் இருக்கோ? இல்லாட்டிப் பரவாயில்லை..."

இல்லையா? யாரிடம் கேட்கிறாள்? சரசு பையைத் திறந்தாள். அடுத்த பையைத் திறந்தாள். அடுத்ததையும் திறந்தாள். எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு ஒழுங்கா இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை அம்மா."

ஆளுக்கொரு பாய் தந்தாள். சவர்க்காரம் தந்தாள். பல்லுத்தூரிகை தந்தாள். நான் பூமணியின் காதுக்குள், "மச்சாள், அடுத்த ஐப்பசிக்கும் வருவம்" என்றேன்.

பூமணி பல்லுத்தூரிகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிள்ளை, றூம் எது?"

"இதாலை நேரை போங்கோ அம்மா. ஏழாம் வகுப்பு."

உள்ளே ஒரு கரும்பலகை. மேசைகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நிலத்தில் பாய்கள். ஒரு மூலையில் ஒரு குடும்பம் நனைந்த உடுப்பைப் பிழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வாங்கில் ஏறிக் குதித்தார்கள்.

நான் இன்னும் தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டுதான் நின்றேன் என்று சொன்னால் நம்புவீர்களா? சந்தோசம் வந்தால் எனக்கு மூளை கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

பூமணிக்கு உடனே விளங்கிவிட்டது. பாயை மடித்தாள். நேரே மேசைக்குப் போனாள்.

"பிள்ளை, இது என்ன இடம்?"

"இடைத்தங்கல் முகாம் அம்மா. வெள்ளம் வருமெண்டு பள்ளமான இடத்து ஆக்களை முன்கூட்டியே எடுத்திருக்கிறம். நான்தான் இந்தப் பக்கத்துக் கிராம அலுவலர், உங்கடை பேச்சிலை விதானை. பயப்பிடாதேங்கோ."

"நாங்கள் இடம்பெயர்ந்த ஆக்கள் இல்லை."

"ஓம் அம்மா, ஓம். எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுவினம். வெக்கப்பட ஒண்டுமில்லை."

"வெக்கமில்லைப் பிள்ளை. நாங்கள் உல்லாசப் பயணியள்."

விதானைப் பிள்ளை எழுதுவதை நிறுத்தினாள். வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே எங்கள் பயணப் பொதிகள் வரிசையாக இருந்தன.

"உல்லாசப் பயணம்?"

"ஓம்."

"பானையோடை?"

"அது மச்சாளின்ரை."

"விறகோடை?"

"அதுவும் மச்சாளின்ரை."

"அம்மி?"

பூமணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதவேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

"சரி அம்மா... காணி உறுதியைக் கொண்டு ஆர் கடல் பாக்க வாறது?"

சரசுவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன் பிள்ளை, உறுதியை வீட்டிலை விட்டிட்டுப் போறதோ? நீர் விடுவீரோ?"

விதானைப் பிள்ளை உறுதியைத் தடவிப் பார்த்தாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. "இல்லைத்தான்," என்றாள் மெதுவாக. உடனே கடகத்துக்குள்ளிருந்து கோழி ஒரு சத்தம் போட்டது. அவள் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

இப்போது நான் ஒரு வெட்கக்கேடான காரியத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் என் மனம் என்ன கணக்குப் போட்டது தெரியுமா? விடுதி அரை விலை. இது சும்மா!

பூமணியைத் தனியே கூப்பிட்டேன். "மச்சாள், மழையும் விட்டபாடில்லை. இண்டைக்கு இதிலை படுத்தால் என்ன? சாப்பாடும் தருவினம். உங்கடை காசு அப்பிடியே இருக்கும்."

அவள் குடையை எடுத்தாள். வெளியே போனாள். மழைக்குள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, குடையை விரித்துக்கொண்டு இருந்தாள். நானும் பின்னால் போனேன்.

"இறங்கி வாங்கோ, காய்ச்சல் வரும்."

"வரட்டும்."

"என்ன பிடிவாதம் இது?"

"பள்ளிக்கூடத்திலை படுத்தது காணும் மச்சாள்." அவள் சத்தம் போடவில்லை. "எத்தினை பள்ளிக்கூடம்? எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்."

எண்ணத் தொடங்கினேன்... நிறுத்திவிட்டேன். படிக்க என்று ஒருநாளும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள் நான். ஆனால் முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரு வகுப்பு விடாமல் படுத்து எழும்பியிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் மட்டும் இது மூன்றாவது தடவை.

கோப்பையில் மிச்சமிருந்த தேநீரை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

"பிள்ளை, எங்கடை பேரை வெட்டும்."

"வடிவா யோசிச்சோ அம்மா?"

"ஓம். மூண்டு குடும்பத்தையும் வெட்டும்."

அவள் கோடு போட்டாள். பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டதற்காக நாங்கள் அழுத நாட்கள் உண்டு. பெயரைச் சேர் என்று காலில் விழாத குறையாக நின்ற நாட்கள் உண்டு. பெயரை வெட்டும்படி கேட்டு, வெட்டியதும் சரசு கைதட்டியது இதுதான் முதல் தடவை.

பாய், சவர்க்காரம், பல்லுத்தூரிகை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம். குசினிப் பக்கம் நான்கு பெண்கள் ஈர விறகோடு புகைக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு உழவு இயந்திரங்களில் ஆட்கள் வருகிறார்கள் என்று விதானைப் பிள்ளைக்குப் போன் வந்தது. நான் சிவாவைப் பார்த்தேன்.

"தம்பி, விறகை இறக்கும். அரிசியையும் இறக்கும்."

"எல்லாத்தையுமோ மாமி?"

"எல்லாத்தையும்தான். பானையையும்."

"அம்மி?"

"அம்மியைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்கப்படாது!"

அதையும் இறக்கினோம். மிச்சம் பிடிக்கக் கட்டிய என் பொதியெல்லாம் இப்படிப் போனது. வாசல்வரை வந்த விதானைப் பிள்ளை சொன்னாள்: "இப்பதான் அம்மா கொஞ்சம் உல்லாசப் பயணியள் மாதிரி இருக்கிறியள். அந்தக் கோழியை மட்டும் மறைச்சுக்கொண்டு போங்கோ."

கடற்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மழை தூறலாகிவிட்டது. கடல் சாம்பல் நிறத்தில் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கடைசியாக அதைப் பார்த்தபோது, பார்க்கிற நிலையில் இருக்கவில்லை. இன்றைக்கு மூன்று பேரும் நின்று பார்த்தோம். பெரிய கடல்தான்.

விடுதிக்காரர் பெயர் ஜவ்பர்; முஸ்லிம் ஆண்களை நாங்கள் மரியாதையாக 'நானா' என்போம். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். சொட்டச் சொட்ட நனைந்த மூன்று கிழவிகளையும், பைக்குள் பை வைத்த கட்டையும், மறைக்க மறைக்கத் தலையை நீட்டிய கோழியையும் பார்த்தார். பதறிப்போய் எழும்பினார்.

"வெள்ளத்துக்கு வந்தீங்களாம்மா? உள்ளுக்கு வாங்க. றூம் இருக்கு. காசெல்லாம் வேணாம்."

பூமணி கண்ணை மூடித் திறந்தாள்.

"நானா, நாங்கள் காசு குடுத்துத் தங்க வந்தனாங்கள்."

"இந்த நிலைமையில உங்கள்ட்டக் காசு வாங்குறதா? நாங்களும் இடம்பெயர்ந்து புத்தளத்தில ஸ்கூல்ல படுத்துக் கிடந்த ஆக்கள்தான்மா. வாங்கினா எனக்கு நித்திரை வராது."

"வாங்காட்டி எனக்கு நித்திரை வராது."

இரண்டு பேரில் யார் விழித்திருப்பது என்று வழக்கு நடந்தது. நானும் சரசுவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூமணி ரின்னைத் திறந்து காசை மேசையில் வைத்தாள். நானா பாதியை எண்ணித் திருப்பித் தள்ளினார்.

"சரி, அரைவாசி போதும். மழைக்கால ஓபர். எல்லாருக்கும் அதுதான்."

"எனக்கு ஓபர் வேண்டாம்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "மச்சாள், ஓபர்! அதுக்காகத்தானே வந்தனாங்கள்!"

"நீங்கள் அதுக்காக வந்தனீங்கள். நான் றூமுக்காக வந்தனான்."

"அப்ப ராச் சாப்பாடு சும்மா தாறன்," என்றார் நானா.

"அதுக்கும் காசு."

"தேத்தண்ணியாவது..."

"அதுக்கும்தான்!"

நான் வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியிருக்கிறேன். கீரைக்காரி என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போவாள். வாங்குகிறவள் விலையை ஏற்ற, விற்கிறவர் இறக்கிக்கொண்டுபோன பேரத்தை அன்றுதான் கண்டேன். கடைசியில் நானா தோற்றார். தலையை ஆட்டிக்கொண்டே முழுக்காசையும் எடுத்தார். சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

பூமணி படியேறிப் போனாள். மாம்பழச் சேலையில் சேறு. நடை மட்டும் மகாராணி நடை.

நானும் சரசுவும் கோழிக்கு விறாந்தையில் இடம் ஒழுங்கு செய்தோம். கடகத்தைத் துடைத்தோம். பதினொரு முட்டையையும் எண்ணினோம். அதன்பிறகு மேலே போனோம். கதவு பூட்டியிருந்தது. தட்டினேன்.

"ஆர்?"

"நான்தான் மச்சாள்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"என்ன வேணும்?"

"என்ன வேணுமோ? உள்ளுக்கு வரவேணும். ஈரத்தோடை நிக்கிறம்."

"இப்ப திறக்கமாட்டன்."

"ஏன்? என்ன செய்யிறியள் உள்ளுக்கை?"

"ஒண்டும் செய்யேல்லை. சும்மா இருக்கிறன்."

சரசு காதைக் கதவில் வைத்தாள். உள்ளே பூமணி தனியே இருந்து சிரிப்பது கேட்கிறது என்றாள். நானும் வைத்துக் கேட்டேன். உண்மைதான்.

கீழே வந்து ஜவ்பர் நானாவிடம் என் காசில் இன்னொரு அறை எடுத்தேன். அரை விலைக்குத்தான், எனக்கு வெட்கம் இல்லை. பிறகும் இரண்டு தடவை போய்த் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை.

திறக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தானே அவள் முழுக்காசு கொடுத்திருந்தாள்!